வீட்டிற்கு வரும் இணைய வடம்: பாதுகாப்பாக அமைத்தலும் பழுது பார்த்தலும்

கிராமத்திற்கு முதலில் சாலை வந்தது. பின்னர் மின்விளக்கு வந்தது. குடிநீர்க் குழாயும் வந்தது. இப்பொழுது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு பருமனே உள்ள கண்ணாடி இழையின் வழியாக இணையம் வந்துகொண்டிருக்கிறது. பட்டா நகல், பயிர்க் காப்பீடு, மிளகாய் விலை நிலவரம், புயல் எச்சரிக்கை, பிள்ளைகளின் படிப்பு ஆகிய யாவும் இன்று இந்த இழையை நம்பியுள்ளன. பயிர்க் காப்பீட்டிற்குப் பதிவு செய்யும் கடைசி நாளன்று இழை அறுந்து கிடக்குமானால், அதன் நஷ்டம் என்ன என்பதை விவசாயப் பெருமக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்திலுள்ள சிக்கல் என்னும் ஊரை மனத்தில் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். நாகப்பட்டினத்தை அடுத்த சிங்காரவேலர் கோயில் சிக்கல் வேறு. இது மழையை நம்பி நெல்லும் மிளகாயும் விளைவிக்கும் வறண்ட சீமைச் சிக்கல். உப்புக் காற்று, கோடையில் பிளந்து மழையில் உப்பும் களிமண், எங்கும் மண்டிய சீமைக் கருவேலம், ஐப்பசி கார்த்திகையில் இடி மழை ஆகிய நான்கும் இவ்வட்டாரத்தில் வடங்களுக்குப் பகையாவன. ஊரின் பெயர் சிக்கலாக இருக்கலாம். வீட்டு வாசலில் தொங்கும் வடம் சிக்கலாக இருத்தல் ஆகாது.

இத்துறையில் நாம் வற்புறுத்த விரும்பும் உண்மை ஒன்றே. இணைய வடத்தில் ஆளைக் கொல்லும் மின்சாரம் இல்லை. அதன் அயலில் ஓடும் மின்கம்பியில்தான் இருக்கிறது. ஆகவே, எந்த வேலையை நாம் செய்யலாம், எந்த வேலையைத் தொடக்கூடாது என்னும் எல்லையை அறிந்துகொள்வதே முதற் பாடம். எல்லைக்கு இப்பாலுள்ள வேலையைச் செவ்வனே செய்யக் கற்பது இரண்டாம் பாடம்.

இழை வந்த வரலாறு

கண்ணாடி இழையின் வழியாக ஒளியைச் செலுத்தி நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்ப முடியும் என்பதை சார்லஸ் காவோ என்னும் விஞ்ஞானி 1966ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதற்காக 2009ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்விழையை இந்தியக் கிராம ஊராட்சிகள் யாவற்றிற்கும் கொண்டுசெல்ல மத்திய சர்க்கார் 2011ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. அதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. நமது மாநிலத்தில் இப்பணிக்கென 2018ஆம் ஆண்டில் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. 12,525 கிராம ஊராட்சிகளையும் வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் இணைப்பது அதன் திட்டம். வடத்தின் பெரும்பகுதி பூமிக்கு அடியில் செல்லாமல் மின்கம்பங்களின் மேலாகவே செல்லும்படி வகுக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களும், ஊரில் டெலிவிஷன் கேபிள் நடத்துவோரும் தத்தம் வடங்களை அவ்வாறே கம்பங்களின் வழியாக வீடுகளுக்குக் கொண்டு வருகின்றனர்.

மேலே செல்லும் வடத்தால் செலவு குறையும்; வேலையும் விரைவில் முடியும். ஆனால் அது மின்சாரத்திற்கும் புயலுக்கும் அண்டை வீட்டுக்காரன் ஆகிவிடுகிறது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை இக்கரையோரத்தார் மறக்கமாட்டார்கள். 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பம் சாயும்போது அதில் கட்டிய இணைய வடமும் உடன் விழும். விழுந்த வடம் எந்தக் கம்பியின் மீது கிடக்கிறது என்பதை இருட்டில் கண்டறிய இயலாது.

இரு வகை வடங்கள்

வீட்டில் நாம் காணும் வடங்கள் இரு வகைப்படும்.

முதலாவது, கம்பத்திலிருந்து வீட்டிற்கு வரும் கண்ணாடி இழை வடம். ஊரில் இதை ஃபைபர் லைன் என்பார்கள். இதில் செல்வது ஒளி, மின்சாரம் அன்று. ஆயினும் இழையைத் தாங்குவதற்காகச் சில வடங்களில் எஃகுக் கம்பி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். இக்கம்பி மின்சாரத்தையும் இடியையும் கடத்தும். வேறு சில வடங்களில் எஃகுக்குப் பதிலாகக் கண்ணாடி நாரால் செய்த குச்சி தாங்குதலாக அமைந்திருக்கும். இது மின்சாரத்தைக் கடத்தாது. புதிதாக இணைப்புப் பெறுவோர், உலோகம் இல்லாத வடத்தையே கேட்டு வாங்குவது நலம்.

இரண்டாவது, மோடம் பெட்டியிலிருந்து கணிப்பொறிக்கோ டெலிவிஷனுக்கோ செல்லும் லேன் வடம். இதில் எட்டுச் செம்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். முறுக்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. அயலில் ஓடும் மின்கம்பியின் இரைச்சல் இணையிலுள்ள இரு கம்பிகளையும் சமமாகத் தாக்கும். பெட்டியோ இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை மட்டுமே படிக்கும். ஆகவே சமமாக வந்த இரைச்சல் கழிந்துபோகும். முறுக்கைப் பிரித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

லேன் வடம் வாங்கும்போது முழுச் செம்பாலானதா என்று கேட்க வேண்டும். அலுமினியத்தின் மீது செம்பு முலாம் பூசிய மலிவு வடங்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவை எளிதில் ஒடியும். ஈரமும் உப்பும் பட்டால் விரைவில் அரித்துப்போகும். வீட்டு உபயோகத்திற்கு கேட் 5இ அல்லது கேட் 6 என்று உறையின் மேல் அச்சிட்ட வடம் போதுமானது. அதன் நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது.

எல்லை எது?

மின்கம்பமும், கம்பத்திலிருந்து நமது வீட்டுச் சுவர் வரையுள்ள வடமும் நமது வேலைக்கு உட்பட்டவை அல்ல. அங்கே மின்வாரிய ஊழியரும், இணைப்பு அளித்த நிறுவனத்தின் பயிற்சி பெற்ற தொழிலாளியும் மட்டுமே கை வைக்க வேண்டும். தொழிலாளியும் மின்வாரியத்தாரிடம் தெரிவித்து, மின்சாரத்தை நிறுத்தச் செய்த பின்னரே மின்கம்பிக்கு அருகே செல்ல வேண்டும். சுவரில் பொருத்திய சிறு பெட்டிக்கு உட்புறம் உள்ளதே நமது பகுதி.

இந்த எல்லையை மீறுவோர் பெரும்பாலும் துணிச்சலால் மீறுவதில்லை. சிறு காரியம்தானே என்ற எண்ணத்தால் மீறுகின்றனர். தாழத் தொங்கும் வடத்தை வைக்கோல் வண்டி செல்வதற்காகத் தொரட்டியால் தூக்கிப் பிடிக்கிறார்கள். தொரட்டியின் முனையில் இருப்பது இரும்பு. மேலே ஓடுவது மின்கம்பி. பச்சை மூங்கிலும் ஈரக் கழியும் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய ஏணியை மின்கம்பத்தின் மீது சார்த்துவதும் அத்தகைய அபாயமே.

மற்றொரு பழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. கழற்றிப்போட்ட பழைய கேபிளைத் துணி உலர்த்தும் கொடியாகக் கட்டும் வழக்கம் பல வீடுகளில் காணப்படுகிறது. அதனுள் எஃகுக் கம்பி இருக்குமானால், அதன் ஒரு முனை தகரக் கூரையிலோ, வீட்டிற்கு மின்சாரம் வரும் சர்வீஸ் ஒயரிலோ உராயும் நாளில் ஈரத் துணியுடன் கை வைக்கும் தாய்மாரின் உயிருக்கு ஆபத்து நேரும். கொடிக்குக் கயிறே ஏற்றது. பழைய வடத்தை ஆடு மாடு கட்டவும், வேலி கட்டவும் உபயோகிக்க வேண்டாம்.

கம்பத்திலிருந்து சுவர் வரை

இவ்வேலையை நாம் செய்யாவிடினும், சரியாகச் செய்யப்படுகிறதா என்று பார்த்துக் கொள்வது நமது உரிமை. கவனிக்க வேண்டியவை பின்வருவன:

1. இணைய வடம் மின் சர்வீஸ் ஒயரைத் தொடாமலும், அதனுடன் சேர்த்துக் கட்டப்படாமலும் தனி வழியில் வர வேண்டும்.

2. தெருவைக் கடக்கும் இடத்தில் வைக்கோல் ஏற்றிய வண்டியும் லாரியும் தட்டாத உயரம் இருக்க வேண்டும். கருவேலம், பனை, வேம்பு ஆகியவற்றின் கிளைகளினூடே செல்லலாகாது. காற்றில் கிளை உராய்ந்தால் உறை தேய்ந்துவிடும். கிளை வெட்டும்போது அரிவாள் வடத்தையும் வெட்டிவிடும்.

3. வடத்தில் எஃகுத் தாங்கு கம்பி இருந்தால், அதைச் சுவரின் வெளிப்புறக் கொக்கியிலேயே கட்டி நிறுத்திவிட வேண்டும். இழை மட்டுமே வீட்டினுள் வரலாம்.

4. வடம் சுவருக்குள் நுழையும் முன்னர், கீழே இறங்கி மேலே ஏறும்படி ஒரு வளைவு விட வேண்டும். மழை நீர் அவ்வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிடும்; துளை வழியாக உள்ளே வாராது.

5. பிற்காலப் பழுதுக்கென இரண்டு மூன்று மீட்டர் வடத்தை அகலமான வட்டமாகச் சுருட்டி வைக்கச் சொல்ல வேண்டும்.

சுவரிலிருந்து பெட்டி வரை

சுவரில் துளையிடுவது சிறு வேலையாகத் தோன்றினும் கவனம் மிகுதியும் தேவைப்படுவது. பூச்சுக்கு உள்ளே மின்கம்பிக் குழாய் செல்லக்கூடும். சுவிட்ச் பெட்டியிலிருந்து அக்குழாய் நேர் மேலாகவோ, நேர் கீழாகவோ, பக்கவாட்டிலோ செல்வது வழக்கம். ஆகவே அந்த நேர்கோடுகளில் துளையிடக் கூடாது. ஐயம் இருப்பின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, கையால் சுழற்றும் துளைக் கருவியையோ பாட்டரியால் ஓடும் டிரில் மெஷினையோ உபயோகிக்கலாம். துளை வெளிப்புறம் சற்றுத் தாழ்ந்து சரிந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் துளையைச் சிமெண்டாலோ அடைப்புப் பசையாலோ மூடிவிட வேண்டும். இல்லாவிடில் எறும்பும் பல்லியும் அவ்வழியே குடிபுகும்.

லேன் வடத்தையும் மின்கம்பியையும் ஒரே குழாயில் இடுவது பெருந்தவறு. மின்கம்பியின் உறை உருகினாலோ தேய்ந்தாலோ, வீட்டு மின்சாரம் முழுவதும் லேன் வடத்தின் வழியாகப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேரும். இரண்டுக்கும் இடையே ஓரடி இடைவெளி இருக்கட்டும். ஓரிடத்தில் குறுக்கிட நேர்ந்தால் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும்.

வடத்தை மடக்கி ஒடிக்கக் கூடாது. லேன் வடத்தின் வளைவு ஓரங்குல ஆரத்துக்குக் குறையலாகாது. கண்ணாடி இழையைப் பொறுத்தவரை, ஒரு தேநீர்க் கோப்பையைச் சுற்றும் அளவு வளைவு இருந்தால் அச்சமில்லை. அதற்கும் குறுகலாக மடக்கினால் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். இழை முறியாமல் இருந்தும் இணைப்பு நின்றுபோவது இதனாலேதான். ஆணியை அடித்து வடத்தின் மீது மடக்குவதும், கதவு இடுக்கில் வடத்தைக் கொண்டுசெல்வதும் கூடா. பிளாஸ்டிக் கிளிப்புகளை இரண்டடிக்கு ஒன்றாக, இறுக்காமல் அடித்தால் போதும். உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் சாதாரண இரும்பு ஆணி சில ஆண்டுகளில் துருப்பிடித்துச் சுவரையும் கறைப்படுத்தும். துருப்பிடிக்காத எஃகு ஆணியை வாங்குவது சிக்கனம்.

ஓட்டு வீடுகளில் வடத்தைக் கைமரத்தின் மேலாக விடுவதைக் காட்டிலும், சுவரோரமாகப் பிளாஸ்டிக் குழாயில் இடுவது மேல். கைமரம் எலிக்கும் அணிலுக்கும் ராஜபாட்டை. அடுப்புப் புகையும் வெப்பமும் படும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். மோடம் பெட்டியை ஜன்னலுக்கு அருகிலும், மழைச் சாரல் படும் இடத்திலும், தானிய மூட்டைகளின் இடுக்கிலும் வைக்க வேண்டாம். காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

உப்புக் காற்றும் இடி மின்னலும்

வாலிநோக்கம் முதலிய இடங்களில் உப்பு விளைவிக்கும் அதே கடற்காற்றுதான் நமது வடங்களின் முனைகளையும் அரிக்கிறது. லேன் வடத்தின் முனையிலுள்ள சிறு உலோகப் பற்களில் பச்சை நிறப் பூச்சுக் கண்டால், அந்த ஜாக்கை வெட்டி எறிந்து புதிது போட வேண்டும். சுரண்டிச் சுத்தம் செய்தால் மேல்முலாம் போய், அரிப்பு முன்னிலும் விரைவாகப் பரவும். வீட்டிற்கு வெளியே லேன் இணைப்பு எதையும் வைக்காமலிருப்பதே நல்ல தீர்வு.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அப்பருவத்தின் தொடக்கத்திலும் கோடை மழையின்போதும் இடி மின்னல் மிகுதி. மின்னல் நேராக வீட்டின் மீது விழ வேண்டும் என்பதில்லை. சற்றுத் தொலைவில் விழுந்தாலும், வெட்டவெளியில் நீண்டு செல்லும் செம்புக் கம்பியில் பெரும் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். ஆகவே வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்கோ, பக்கத்து வீட்டிற்கோ லேன் வடத்தை வான்வழியே இழுக்கக் கூடாது. அத்தகைய இடங்களுக்கு உலோகமற்ற கண்ணாடி இழையே உகந்தது.

இடி முழங்கத் தொடங்கியவுடன் மோடத்தின் மின்சார அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. லேன் வடத்தையும் கணிப்பொறியிலிருந்து பிரித்துவிட வேண்டும். இவற்றை மின்னல் அருகே வருமுன் செய்ய வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது கம்பியைத் தொடப் போகக் கூடாது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய தாமினி என்னும் கைப்பேசிச் செயலி, அருகில் மின்னல் நெருங்குவதை முன்கூட்டி அறிவிக்கிறது. வயலில் வேலை செய்வோருக்கும் அது உயிர்காக்கும் துணை.

பழுதைக் கண்டறியும் முறை

இணைப்பு நின்றவுடன் வடத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது பலருக்கும் வழக்கம். அதற்கு முன்னர் மோடம் பெட்டியின் விளக்குகளைப் படிக்க வேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது அது.

பவர் விளக்கு எரியாவிட்டால் பழுது மின்சாரத்திலோ அடாப்டரிலோ இருக்கிறது. வேறொரு பிளக்கில் செருகிப் பார்க்கலாம். பெட்டியின் மீது குறித்துள்ள அதே வோல்ட் அளவுள்ள அடாப்டரையே மாற்றாக உபயோகிக்க வேண்டும்.

லாஸ் என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டினுள் இழை எங்கேனும் மடங்கியிருக்கிறதா, கட்டில் காலின் கீழ் நசுங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். மடங்கியிருந்தால் மெல்ல நிமிர்த்திவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும். அப்படியும் சிவப்பு மறையாவிட்டால் நிறுவனத்திற்குத் தெரிவிப்பதே முறை. கண்ணாடி இழையை முறுக்கியோ டேப் சுற்றியோ இணைக்க முடியாது. இரு முனைகளையும் நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் யந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும்.

லாஸ் விளக்கு எரியாமல், கணிப்பொறிக்கு மட்டும் இணைப்பு வராவிட்டால் பழுது லேன் வடத்திலோ அதன் ஜாக்கிலோ இருக்கலாம். வேறொரு வடத்தை மாற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். இப்பழுதை நாமே சரிசெய்யலாம்.

லேன் ஜாக்கை மாற்றுதல்

வேண்டிய சாமான்கள் மூன்று: புதிய ஆர்.ஜே. 45 ஜாக், கிரிம்பிங் டூல், சிறிய லேன் டெஸ்டர். முதலில் வடத்தின் இரு முனைகளையும் பெட்டிகளிலிருந்து கழற்றிவிட வேண்டும். பழைய ஜாக்கை வெட்டி, மேலுறையை ஓரங்குலம் அளவு நீக்க வேண்டும். உள்ளேயுள்ள கம்பிகளின் தோலில் வெட்டுப் படலாகாது. நான்கு இணைகளையும் பிரித்து நேராக்கி, பின்வரும் வரிசையில் அடுக்க வேண்டும்:

1. வெள்ளை ஆரஞ்சு
2. ஆரஞ்சு
3. வெள்ளைப் பச்சை
4. நீலம்
5. வெள்ளை நீலம்
6. பச்சை
7. வெள்ளைப் பழுப்பு
8. பழுப்பு

ஜாக்கின் கொக்கி கீழ்ப்புறமும், பற்கள் மேற்புறமும், வடம் நுழையும் வாய் நம் பக்கமும் இருக்குமாறு பிடித்தால், இடக்கோடியில் வருவது முதற் கம்பி. எட்டையும் அரை அங்குல நீளத்தில் ஒரே சீராக வெட்டி, முனை வரை செல்லும்படி தள்ள வேண்டும். மேலுறையும் ஜாக்கினுள் நுழைந்திருக்க வேண்டும். அதுவே இழுப்பைத் தாங்கும். பின்னர் டூலால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். மறு முனையிலும் இதே வரிசை இருத்தல் அவசியம். டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தால் வேலை முடிந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு ஆகிய நான்கு கம்பிகள் மட்டும் சரியாக இருந்தாலும் இணையம் வரும். ஆனால் வேகம் வினாடிக்கு 100 மெகாபிட் அளவோடு நின்றுவிடும். எட்டும் சரியாக இருந்தால்தான் ஒரு கிகாபிட் கிடைக்கும். இணைப்பு மெதுவாக இருக்கிறதே என்று நிறுவனத்தைக் குறை கூறுமுன் இதைச் சோதித்துப் பார்ப்பது நன்று.

கண்ணும் கையும்

கண்ணாடி இழையின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. ஒன்றும் தெரியவில்லையே என்று உற்றுப் பார்ப்பது விழிக்குக் கேடு தரும். இழை அறுந்த இடத்தில் சிந்தும் கண்ணாடித் துண்டுகள் முள்ளினும் கொடியவை. தோலில் தைத்தால் எடுப்பது கடினம். சோற்றில் விழுந்தால் தொண்டைக்குள் செல்லும். தொழிலாளி வேலை செய்யும் இடத்தில் உணவோ தண்ணீரோ வைக்க வேண்டாம். குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் துண்டுகளைப் பிசின் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு அடைத்துவிட வேண்டும். விளக்குமாற்றால் கூட்டினால் அவை வீடெங்கும் பரவும்.

வடம் அறுந்து விழுந்தால்

தெருவில் அறுந்து கிடப்பது எந்தக் கம்பியாயினும் மின்சாரம் பாயும் கம்பி என்றே கருத வேண்டும். முப்பதடிக்கு அப்பால் நின்று, பிறரையும் கால்நடைகளையும் அண்டவிடாமல் தடுத்து, மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மின்வாரியத்தின் மின்னகம் என்னும் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வீட்டினுள் ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். இயலாவிட்டால், உலர்ந்த பலகையின் மீது நின்று, உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் 108க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே மின்கம்பத்துக் கம்பி தாக்கியிருந்தால், மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்துகொள்ளாமல் அருகே செல்லலாகாது. காப்பாற்றச் சென்றவரையும் நாம் இழந்துவிடலாகாது.

பஞ்சாயத்தின் கடமை

வீட்டு வடத்தை வீட்டுக்காரர் காக்கலாம். ஊர் வடத்தை ஊரே காக்க வேண்டும். ஊராட்சி நிர்வாகம் மேற்கொள்ளத்தக்க காரியங்கள் சில உண்டு.

ஊரில் எத்தெரு வழியே எந்த நிறுவனத்தின் வடம் செல்கிறது, பூமிக்கடியில் எங்கே புதைந்துள்ளது என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் தயாரித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டி வைக்கலாம். வாய்க்கால் தூர் வாரவும், குழாய் பதிக்கவும், கருவேலம் வேரோடு அகற்றவும் மண்வெட்டும் யந்திரத்தை அழைக்குமுன் அதைப் பார்ப்பதை நியதியாக்க வேண்டும். தோண்டுவோர் முன்னறிவிப்புச் செய்வதற்கென்றே மத்திய சர்க்கார் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு செயலியைத் தொடங்கியது. ‘தோண்டுமுன் அழையுங்கள்’ என்பது அதன் பெயரின் பொருள். அதில் பதிவு செய்தால் வடத்திற்கு உரிய நிறுவனத்திற்குத் தகவல் சென்று சேரும்.

களிமண் பூமியில் கோடை வெடிப்பினாலும் மழைக்கால உப்புதலினாலும் கம்பங்கள் சாய்வது இயல்பு. சாய்ந்த கம்பம், தாழ்ந்த வடம், உபயோகமற்றுத் தொங்கும் பழைய கேபிள் ஆகியவற்றை ஒரு பட்டியலாக்கி, மின்வாரியத்திற்கும் நிறுவனங்களுக்கும் எழுத வேண்டும். இதற்கு உகந்த காலம் அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை. பருவமழைக்கு முன்பாக அக்கூட்டம் நடைபெறுவதால், தீர்மானம் நிறைவேற்றி வேலையை முடுக்கிவிடலாம். நவம்பர் 1ஆம் தேதி கூடும் சபையில் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று கேட்டறியலாம்.

ஊரிலுள்ள இளைஞர்களில், ஆண் பெண் இருபாலாரிலும், தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியோ மின்னணுவியலோ படித்த இருவரைத் தேர்ந்தெடுத்து, லேன் வேலையில் பழக்கிவைப்பது நல்லது. கிரிம்பிங் டூலும் டெஸ்டரும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்குமாயின், ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ஏர் கலப்பையை இரவல் வாங்கிப் பழகிய நமக்கு இது புதுமையன்று. அலுவலகத்திலும் கிராம சேவை மையத்திலும் உள்ள இணையப் பெட்டிகளுக்கு நல்ல எர்த்தும், மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் தாங்கும் பாட்டரியும் அமைப்பது அவசியம். புயல் எச்சரிக்கை வரும் வேளையில்தான் மின்சாரம் நிற்கும் என்பதை நாம் அறிவோம்.

நாடு முழுவதும் பரவிய இந்த இழையின் கடைசிச் சில மீட்டர் நமது சுவரில்தான் இருக்கிறது. அந்தப் பகுதி பழுதானால், ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த செய்தி வாசலில் நின்றுவிடும். கம்பத்தின் பக்கம் கை நீட்டாமல், வீட்டினுள் வேலையைச் செம்மையாகச் செய்து, ஊர் வடத்தை ஒன்றுகூடிக் காப்போமாக. அவ்வாறு செய்யும் ஊரில் இணையத்தின் பயனும் பெருகும். அதன் பொருட்டு ஓர் உயிரும் போகாது.